ஒரு தொலைதூரக் கோளின் டுரியான் பருவம்

டுரியான் பழத்தைக் குளிர்சாதன அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்ற விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். விசாரணைக் குழுவினர் இதை முதலில் குறித்துக்கொண்டால் நல்லது.

தெப்ரா என்ற ஊரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று பேர்தான். ஆய்வை நடத்தியவர் சுபத்திரா. கருவிகளைப் பராமரித்தவர் அந்தோனிப்பிள்ளை. கணக்குப் போட்டவன் சிவகணேசனாகிய நான். தொலைதூரக் கோள் ஒன்றின் காற்றில் ஒரு கந்தக வாயு தெரிந்தது. உயிர்கள் இருந்தால்தான் அது உண்டாகும் என்று பலர் நம்பினார்கள். உயிரே இல்லாமலும் உண்டாகலாம் என்றார் சுபத்திரா. அந்தக் கோளில் இருப்பதைப் போலவே வாயுக்களைக் கலந்து ஒரு குழாய் வழியாகக் கண்ணாடிக் கலத்துக்குள் செலுத்தினார். விளக்கொளியைப் பாய்ச்சிவிட்டுக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஆண்டு முடிவதற்குள் ஏதாவது வராவிட்டால் அறையில் பழைய நாற்காலிகளைப் போட்டுவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அன்று அவர் கலத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதார். என்னால் தாங்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போனவன் சாலையோரத்தில் ஒரு பழம் வாங்கினேன். வாயு உள்ளே போகும் குழாயின் வடிகட்டியைத் திறந்து ஒரு சுளையை வைத்து மூடினேன். டுரியான் வாசத்தில் கந்தகம் தாராளமாக உண்டு. சும்மா ஓர் ஊக்கத்துக்குத்தான்.

"சிவா, ஓடி வாங்க. வந்துருச்சு லா," என்று சுபத்திரா கூப்பிட்டார். அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

அறிவியலில் ஒருமுறை வந்தால் போதாது, திரும்பத் திரும்ப வர வேண்டும். ஆகவே திரும்பத் திரும்ப வைத்தேன். டுரியான் சீசன் முடிந்ததும் யோங் பெங் ஊர் வரை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, நாற்றமடிக்கும் இறால் விழுதான பெலாச்சான் வைத்தேன். அளவீடு மாறியது.

"உள்ளுக்குள்ளயே பருவம் மாறுது சிவா. அந்தக் கோள்லயும் இப்படித்தான் மாறும் போல," என்றார் சுபத்திரா. நான் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். நாற்றத்துக்குப் பேர்போன பெத்தாய்க் கொட்டை வைத்தபோது மூன்றாம் பருவமும் கண்டுபிடிக்கப்பட்டது.

அந்தோனிப்பிள்ளைதான் தொந்தரவு. "யாரு லா உள்ள டுரியான் சாப்பிட்டது? இப்ப பெலாச்சான் வேற," என்று மோப்பம் பிடித்துக்கொண்டே இருந்தார். வடிகட்டியைக் கழற்றிக் கழுவப்போவதாகச் சொன்னார். மறுநாள் அவருடைய மேசை இழுப்பறையில் காய்ந்த பழைய டுரியான் கொட்டைகள் இருந்தன. நான்தான் வைத்தேன், புகார் கொடுத்ததும் நான்தான்.

"எனக்கு பிரஷர் இருக்கு சார். நான் டுரியானத் தொடுறதே இல்ல," என்று மேலதிகாரியிடம் அவர் கெஞ்சினார். மின்விசிறி பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு கட்டுரை வெளியானது. அதைச் சரிபார்க்க வந்த வெளிநாட்டுக் குழு முதல் வேலையாக வடிகட்டியைத் திறந்தது. உள்ளே பெத்தாய்.

"நீங்களா?" என்று கேட்டார் சுபத்திரா. உங்களுக்காகத்தான் என்றேன். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையில் என் பெயர் முதலில் இருப்பதை மட்டும் சிலர் தவறாகப் பேசுகிறார்கள். அது வெறும் அகரவரிசை. அந்தோனிப்பிள்ளையின் பெயரை எடுத்துவிட்ட பிறகு, 'சி'க்கு அப்புறம்தானே 'சு'.