முத்திரை இல்லாத குரல்

வாசல் கதவுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் உள்ளே வரும்போதே கிரீச்சிட்டது. இந்த வீட்டில் எதுவும் அப்படிக் கவனிப்பாரற்றுக் கிடந்ததில்லை. உட்காருங்கள், அதிகாரி அம்மா. என் மனைவியின் சாவுக்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று என் மாப்பிள்ளை உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். அது தவறு. அதைத் திருத்தத்தான் உங்களை வரச் சொன்னேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கண்ணைத் தவிர எதுவும் அசையாது. ஒருமுறை மூடினால் ஆம், இரண்டு முறை மூடினால் இல்லை. மற்றதை நான் அவள் பார்வையிலேயே படித்துச் சொல்வேன். பால் வேண்டுமாம், ஜன்னலைச் சாத்த வேண்டுமாம், இன்று யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லையாம். உறவினர்கள் வியந்துபோவார்கள். அவள் வாய் நான்தான் என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

பிறகு மாப்பிள்ளை ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கண் எந்த எழுத்தில் நிற்கிறது என்று ஒரு சின்ன கேமரா பார்க்கும், எழுத்துகள் சேர்ந்து சொல்லாகும், பெட்டி அதை வாய்விட்டுப் படிக்கும். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தான். கேமரா செய்த கம்பெனி லினக்ஸை எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். அதனால் கேமராவை ஓட்டும் டிரைவர் என்ற நிரலை அவனே இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தான்.

பெட்டி கிளம்பும்போதே ஒரு விசையைத் தட்டி உள்ளே போய், செக்யூர் பூட் என்ற ஒன்றை அணைத்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன்.

"இது என்னப்பா?"

"வாசல்ல நிக்கிற காவல்காரன் மாதிரி மாமா. முத்திரை இருக்கிறதை மட்டும்தான் உள்ளே விடுவான். என் டிரைவருக்கு முத்திரை கிடையாது. போட்டுப் பதிஞ்சும் பாத்தேன், இந்தப் பழைய போர்டு அதைத் தக்கவெச்சுக்க மாட்டேங்குது."

"நல்ல காவல்காரன்தானே. அவனை எதுக்கு வீட்டுக்கு அனுப்புறே?"

"அத்தை பேசணுமே மாமா," என்று சிரித்தான்.

எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். நான் கால்மாட்டில், அவள் பார்வைக்கு நேரே. நெடுநேரம் கண் எழுத்து எழுத்தாக ஊர்ந்தது. பிறகு பெட்டி பேசியது: "மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போடுங்க."

எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவன் எதிரே நிற்கிறேன். மூன்று வருஷ மௌனத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வாக்கியம் அவன் பசியைப் பற்றியது. இரண்டாவது வாக்கியம் எனக்கு. "பால் எனக்குப் பிடிக்கல. எத்தனை தடவைதான் ரெண்டு ரெண்டா கண்ணை மூடுறது?"

"அப்பா, மூணு வருஷமா அம்மாவைப் பாலாலேயே குளிப்பாட்டிட்டீங்களே," என்றாள் என் மகள். மறுபடியும் சிரிப்பு.

அதன் பிறகு அந்த அறையிலிருந்து எந்நேரமும் பேச்சு. மாப்பிள்ளை வேறு ஊரில் வேலையிலிருந்து செய்தி அனுப்புவான், அவள் பதில் சொல்வாள். ஒருநாள் பெட்டி, "உங்க மாமா மீசை கேமராவை மறைக்குது, டிரைவர்ல அதுக்கும் வழி பண்ணுங்க," என்றது. நான் வாசற்படியில் தட்டோடு நின்றேன். நாற்பது வருஷத்தில் என்னிடம் அவள் வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவினர்கள் கூடியிருந்தபோது சொன்னாள்: "நான் மகள் வீட்டுக்குப் போறேன். அங்கேயே இருந்துக்கிறேன்."

கட்டினவன் கல்லுக்குண்டாக இருக்கும்போது மருமகன் வீட்டில் போய்ப் படுப்பதா? ஊர் என்ன பேசும்? மறுநாள் பெட்டியைக் கிளப்பும்போது அந்த விசையைத் தட்டினேன். காவல்காரனைத் திரும்ப வாசலில் நிறுத்தினேன். பிறர் மாற்றாதபடி ஒரு கடவுச்சொல்லும் வைத்தேன். திரை வழக்கம்போல வந்தது. எல்லாம் ஓடியது. கேமரா மட்டும் கண்ணை மூடிக்கொண்டது.

மாப்பிள்ளை போனில் பதறினான். இந்த லினக்ஸ்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. எது கெட்டாலும் முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். லினக்ஸின் கருவான கெர்னல் புதிதாக மாறியிருக்கும், டிரைவர் பொருந்தியிருக்காது என்றான். தன் ஊரிலிருந்தே பெட்டிக்குள் நுழைந்து பார்த்துவிட்டு, "செக்யூர் பூட் ஆன்ல இருக்கு மாமா. போர்டு பேட்டரி செத்திருக்கும், எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும்," என்றான். தினமும் வரும் நர்ஸைப் பார்க்கச் சொன்னான். கடவுச்சொல் கேட்கிறது என்றாள் அவள். "பழைய ஓனர் வெச்சது திரும்பி வந்துடுச்சு போல," என்று அதற்கும் அவனே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தான். நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லீவு கிடைத்ததும் வேறு போர்டு வாங்கி வருகிறேன் என்றான்.

வீடு பழையபடி ஆனது. மறுபடி நான் சொல்ல, எல்லோரும் கேட்டார்கள்.

அந்த வாரம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "ஐயா, அம்மா என்னமோ சொல்லத் துடிக்கிறாங்க. அந்த மெஷின் இருந்தா நல்லாருக்கும்," என்றாள்.

"நான் இருக்கேனேம்மா," என்றேன். நர்ஸுக்கு மறைத்தாற்போல் குனிந்து மனைவியிடம் கேட்டேன், வலிக்கிறதா என்று. ஒருமுறை கண்ணை மூடினாள். அப்படியே வெகுநேரம் மூடியிருந்தாள். "இல்லைங்கிறா. தூக்கம் வருதாம்," என்றேன்.

ஆம் என்று சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் மகளும் மாப்பிள்ளையும் ஓடிவருவார்கள். அங்கிருந்து நேரே அவர்கள் வீடுதான். நான் நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். மறுநாளும் கேட்டேன், அதே பதில் வந்தது, அதையேதான் நர்ஸிடம் சொன்னேன். குடல் வெடித்திருந்ததாக டாக்டர் பிறகு சொன்னார்.

இதை உங்களிடம் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை கூடத்து நடுவில் உட்கார்ந்து, "முத்திரையை ஒழுங்கா போட்டு வெச்சிருந்தா அத்தை பேசியிருப்பாங்க, நான்தான் கொன்னுட்டேன்," என்று அழுகிறான். எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து தேற்றுகிறார்கள். என் பக்கம் ஒருவரும் வரவில்லை. அவள் சாவும் அவனுக்கா போய்ச் சேர வேண்டும்? என் மனைவியைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் அவள் பெயர். நான் ஒருநாளும் வாய்விட்டுக் கூப்பிடாத பெயர். அதனால் யாருக்கும் தோன்றியிருக்காது.

கடைசி நாள் முழுவதும் அவள் கண் அந்தத் திரையை விட்டு நகரவில்லை என்று நர்ஸ் சொல்லியிருப்பாள். அவளுக்கு விவரம் போதாது. திரையை நான் அணைத்து வைத்திருந்தேன். அணைந்த திரையில், எதிரே நிற்பவரின் முகம் தெரியும். கட்டிலுக்குப் பின்னால் நான்தான் நின்றேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.