மூணு நாள்ல போன சுவர்

கற்பகம்: ...நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. சுவர் எங்க?

வீரபாண்டி: முதல்ல பையைக் கீழ வை. பள்ளுருத்தியில இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருப்ப. சாயா போடட்டுமா?

கற்பகம்: எங்க போடுவீங்க, ஹால்லயா அடுப்படியிலயா? இப்ப ரெண்டும் ஒண்ணுதானே.

வீரபாண்டி: அதான் அழகு. வாசல்ல நின்னா பின்பக்க ஜன்னல் வரைக்கும் தெரியுது பாரு. காத்து எப்படி வருது...

கற்பகம்: தம்பி பொண்டாட்டி மாதுரி பிரசவத்துக்கு மூணே நாள் போயிட்டு வரேன். அதுக்குள்ள என் சமையல்கட்டுச் சுவரை இடிச்சுப்போட்டுட்டு, கட்டின பொண்டாட்டிகிட்ட காத்து வருதுங்கிறீங்க.

வீரபாண்டி: நாலு இஞ்சு சுவர் புள்ள. பாரம் தாங்குற சுவரே இல்ல. இருபது வருஷமா டைல்ஸ் போடுறவன், அதுகூடத் தெரியாமலா இடிப்பேன்?

கற்பகம்: வீடு நிக்கும். நான் எப்படி இதுக்குள்ள நிக்கிறது?

வீரபாண்டி: கலூர்ல நாங்க இப்ப வேலை பாக்குற பிளாட்டு பூரா இப்படித்தான். அடுப்பு, சாப்பாட்டு மேசை, சோபா எல்லாம் ஒரே வெளி. நடுவுல சுவரே கிடையாது.

கற்பகம்: அந்த பிளாட்டுல எவளாவது சாளை பொரிக்கிறாளா? பொரிச்சாலும் புகையை இழுக்க அடுப்புக்கு மேல மெஷின் வச்சிருப்பா. இங்க நான் தாளிச்சா நீங்க தும்முவீங்க. உங்க தலகாணி வரைக்கும் மீன் மணக்கும்.

வீரபாண்டி: மணக்கட்டுமே. மட்டாஞ்சேரியில எந்த வீடு மணக்கல?

கற்பகம்: உங்க டிவி சத்தம் வேற. சுவர் இருக்கும்போதே தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. இனி குக்கர் விசிலும் அதுவும் சேர்ந்து...

வீரபாண்டி: நீ அங்க தனியா வெந்துக்கிட்டிருப்ப, நான் இங்க தனியா உக்காந்திருப்பேன். இப்ப ரெண்டு பேரும் ஒரே இடத்துல. அது நல்லா இல்லையா?

கற்பகம்: நல்லாத்தான் இருக்கு, ஊருக்கு. இப்ப ஆட்டோக்காரர் வீட்டு ஓமனா சேச்சி வாசல்ல நின்னு சிரிக்கிறாங்க. "கற்பகம், சிங்க்ல பாத்திரம் கிடக்குதல்லோ"ன்னு. ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் என் சிங்க் தெரியுது.

வீரபாண்டி: அது நான் கழுவாம விட்டது. உன் பேரு கெடாது.

கற்பகம்: என் பேருதான் கெடும். இருங்க, முதல்ல இதைக் கழுவித் தொலைக்கிறேன்... நம்ம கல்யாண போட்டோ எங்க? அந்தச் சுவர்லதானே மாட்டியிருந்துச்சு... கேக்குறேன்ல... என்னங்க...

வீரபாண்டி: இந்தப் பக்கம் திரும்பிப் பேசு கற்பகம். சண்டைன்னாலும் மூஞ்சியைப் பார்த்துப் போடணும்.

கற்பகம்: போட்டோ எங்கன்னு கேட்டேன்.

வீரபாண்டி: கட்டிலுக்கு அடியில. என் வேட்டியில சுத்தி வச்சிருக்கேன். கண்ணாடி உடையல.

கற்பகம்: பெரிய உபகாரம்... இந்த வீட்டுல எனக்குன்னு இருந்த மறைவு அது ஒண்ணுதான். புடவையைச் சொருகிக்கிட்டு, தலை கலைஞ்சு கிடந்தாலும் யாரும் பாக்கமாட்டாங்க. இனி உங்க மேஸ்திரி வந்து உக்காந்தா நான் எங்க போறது? என்னைக்காவது ஒரு நாள் அழணும்னாகூட...

வீரபாண்டி: நீ அழுதா எனக்குத் தெரியணும்ல.

கற்பகம்: பேச்சை மாத்தாதீங்க. சாப்பாட்டுக்கு உங்களை எப்படிக் கூப்பிடுறது? அதைச் சொல்லுங்க.

வீரபாண்டி: இது என்ன கேள்வி?

கற்பகம்: கரண்டிக்காம்பால சுவர்ல ரெண்டு தட்டு தட்டினா சாயா, மூணு தட்டினா சோறு. நீங்களும் அந்தப் பக்கம் சுவர்ல சாய்ஞ்சிருந்தவர் உடனே எந்திரிச்சு வருவீங்க. இனி எதைத் தட்டுவேன், உங்க தலையவா?

வீரபாண்டி: வாயைத் திறந்து கூப்பிடு. நடுவுலதான் ஒண்ணும் இல்லையே.

கற்பகம்: கூப்பிட்டுட்டாலும்... முடிவாச் சொல்றேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சுவரைத் திரும்பக் கட்டுங்க. இல்லன்னா நான் பள்ளுருத்திக்கே போறேன். மாதுரியும் கைக்குழந்தையை வச்சுக்கிட்டுத் தனியாத்தான் திண்டாடுறா.

வீரபாண்டி: போயிராத புள்ள.

கற்பகம்: அப்ப கட்டுங்க. வேலை தெரிஞ்ச ஆளு வீட்டுலயே இருக்கீங்க.

வீரபாண்டி: கட்ட முடியாது.

கற்பகம்: ஏன், காத்துக்காகவா?

வீரபாண்டி: காத்துக்கு இல்ல.

கற்பகம்: கலூர் பிளாட்டு மாதிரி இருக்கணுமா?

வீரபாண்டி: அதுவும் இல்ல... யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா நாளையிலேருந்து வராதேன்னுருவார்.

கற்பகம்: சொல்லுங்க.

வீரபாண்டி: போன மாசம் சைட்டுல மேலேருந்து ஒரு டைல்ஸ் பெட்டி சரிஞ்சுச்சு. கூட வேலை பாக்குற ஜிதின் பின்னால நின்னு, மாறு சேட்டா, மாறுன்னு, விலகச் சொல்லிக் கத்தியிருக்கான். நான் அசையல. ஓடி வந்து சட்டையைப் பிடிச்சு இழுத்தான்...

கற்பகம்: இதை ஏன் என்கிட்ட சொல்லல?

வீரபாண்டி: எப்படிச் சொல்றது... கட்டிங் மெஷின் சத்தத்துலயே என் காது போயிருச்சு புள்ள. எதிர்ல நின்னு பேசினா பாதி குரல், பாதி உதடுன்னு பார்த்துப் புரிஞ்சுக்குவேன். நீ அந்தச் சுவருக்குப் பின்னால போயிட்டா எனக்கு ரெண்டும் இல்ல. நீ என்னைத் திட்டுறியா, கூப்பிடுறியா, அழுறியா, ஒண்ணும் தெரியாது. அதான் இடிச்சேன்... என்ன, அப்படிப் பாக்குற?

கற்பகம்: கூப்பிட்டா திரும்புற மனுஷனா நீங்க இருந்திருந்தா, முதுகு சாய்க்கிற இடமாப் பார்த்து நான் ரெண்டு வருஷமா எதுக்குங்க அந்தச் சுவரைத் தட்டினேன்?