எனக்கு முன்னாடி இருந்த பிள்ளை

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் சான்றிதழ் ஃபைல் இருந்தது.

“வேலை கெடைச்சிருச்சுக்கா. ஆனா நான் போகப்போறதில்ல.”

“ஏன்டி?”

“எனக்கு முன்னாடி இருந்த பிள்ளை ஏன் நின்னுச்சுன்னு இண்டர்வியூவுல மொதலாளிகிட்ட கேட்டேன். கல்யாணம் ஆயிருச்சுன்னாரு. டீ கொண்டாந்த அம்மா சட்டுன்னு தரையப் பாத்தாக.”

“அதுக்காகவா வேணாங்கிறே?”

“வெளிய வந்து அவுககிட்டயும் கேட்டேன். ‘இங்குட்டு பொம்பளைப்பிள்ளை தனியா வேலை பாக்கலாமாம்மா’ன்னு.”

“என்ன சொன்னாக?”

“குனிஞ்சு எஞ்செருப்ப எடுத்து முன்னால வச்சு, ‘பஸ்ஸு வந்துரும், வெரசாப் போ ஆத்தா’ன்னாக.”