பொதுமக்கள் ஆகிய நான்

என்னுடைய அறை எப்போதும் கொஞ்சம் குளிராக இருக்கும். கோட்டைக் கழற்றாமலே உட்காருங்கள். குளிர்காற்று வரும் துளை நேராக அந்த நாற்காலிக்கு மேல்தான் இருக்கிறது. வேண்டுமானால் இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை மாதத்து வாஷிங்டனில் வெளியே வேக வேண்டும், உள்ளே விறைக்க வேண்டும். எனக்குப் பழகிவிட்டது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் விசாரணைக்கு வருகிற உங்களைப் போன்றவர்களுக்கு என் வேலை என்னவென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நிறைய பார்சல் அனுப்பும் பெரிய வியாபாரிகளோடு அஞ்சல் துறை தனியாகப் பேசி, கட்டணத்தைக் குறைத்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். அது நியாயம்தானா, துறைக்குக் கையைக் கடிக்குமா என்று பார்ப்பது எங்கள் அலுவலகம். வியாபாரியின் பெயர், விலை எல்லாவற்றையும் கறுப்பு அடித்துவிட்டு மிச்சத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்போம். ஆட்சேபணை இருந்தால் சில நாளுக்குள் சொல்லலாம். யாரும் சொல்வதில்லை. பக்கம் பக்கமாகக் கறுப்பைப் பார்த்துவிட்டு என்னத்தைச் சொல்வது? இது சட்டத்துக்கும் தெரியும். அதனால் அலுவலகத்திலேயே ஒருவரைப் பொதுமக்களின் பிரதிநிதியாக நியமித்து, மக்கள் கருத்தை அவர் வாயால் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறது.

பல வருடங்களாக அந்த ஒருவர் நான்தான். நான் தும்மினால், "பொதுமக்களுக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு, தள்ளி நில்லுங்கப்பா" என்பார் தபால் அறை ஓட்டிஸ். ஒவ்வொரு ஒப்பந்தமும் நிறைவேறியதும் எலுமிச்சை கேக் வெட்டுவார்கள். முதல் துண்டு பொதுமக்களுக்கு, அதாவது எனக்கு. வேடிக்கைக்குத்தான் ஆரம்பித்தது. ஆனால் ஒரு மனிதனை நாள்தோறும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்கத்தானே செய்வான். நானும் பொறுப்பாகவே இருந்தேன். ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் முழுதாகப் படிப்பேன். பிறகு ஆட்சேபணை இல்லை என்று எழுதுவேன்.

இந்த வசந்தத்தில் ஓர் ஒப்பந்தம் வந்தது. நெப்ராஸ்காவில் ஒரு சிற்றூர். பெரிய கம்பெனி ஒன்று அங்கே கிடங்கு போட்டிருந்தது. அங்கிருந்து கிளம்பும் காலைத் தபால் வண்டியில் அதன் பெட்டிகளைத்தான் முதலில் ஏற்ற வேண்டும் என்று ஒரு வரி. அதற்குக் கறுப்பு அடிக்க யாரோ மறந்துவிட்டார்கள். வர்னா ஸ்கோக்லண்ட் என்கிற பெண்மணி அதைப் படித்துவிட்டார். அந்த ஊரில் கோழிக்குஞ்சு பொரித்து, நாடெங்கும் தபாலில் அனுப்பிப் பிழைக்கிறவர். படித்ததோடு நிற்கவில்லை. ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தரும் எங்கள் குழுவின் கூட்டத்தில் தொலைபேசி வழியாகப் பேச வேண்டும் என்று கேட்டுவிட்டார். எங்களுக்கு அந்த ஒலிபெருக்கியை எப்படிப் போடுவது என்றே தெரியவில்லை. ஓட்டிஸ்தான் வந்து போட்டுக் கொடுத்தார்.

"கம்பெனி பேரைக் கறுப்படிச்சு வெச்சிருக்கீங்க. எங்க ஊர்ல அது லாரி மேல ஆள் உசரத்துக்கு எழுதியிருக்கு. சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம்!" என்று குழுவினர் மொத்தமாகக் கத்தினார்கள்.

"சரி, சொல்லல. முட்டையை விட்டு வந்த குஞ்சுக்கு வயித்துல இருக்கற மஞ்சக்கரு மூணு நாளைக்குத் தாங்கும். அதை நம்பித்தான் அனுப்பறோம். காலை வண்டியில ஏறினா பொழைச்சுக்கும். கம்பெனி பெட்டிங்க மொதல்ல ஏறினா அதுல எங்களுக்கு இடம் மிஞ்சாது. மத்தியான வண்டின்னா வெயில்ல வெந்துடும். ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போடுங்கன்னு சொல்லல. ஒரே ஒரு வரி சேருங்க. உயிரோட இருக்கற பெட்டி மொதல்ல ஏறட்டும். இல்லேன்னா நான் கடையை மூட வேண்டியதுதான்."

தலைவி திருமதி வான்டர்பூல் நல்ல மனசுக்காரர். "ஒரு வரிதானே, சேத்துட்டாப் போச்சு" என்றார். நான் எழுந்து, பொதுமக்களின் கருத்தையும் கேட்கலாமே என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். ஒலிபெருக்கியில் ஒரு சிரிப்பு வந்தது.

"பொதுமக்களா? நான்தாங்க பொதுமக்கள். இது யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்காதீர்கள். பல வருடம் குடியிருந்த வீட்டின் கதவைத் தட்டி ஒருவர், இது என் வீடு, நீ யார் என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஆகவே நியாயமான ஒரு யோசனை சொன்னேன். இப்போதைய காலை வண்டியிலேயே ஒரு பெட்டி வரட்டும். குஞ்சுகள் உயிரோடு வந்தால் அந்த வரியைச் சேர்க்கலாம். அதிலேயே பிழைக்கவில்லை என்றால், முதலில் ஏற்றி என்ன பயன்? அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவானது. பெட்டி என் பேருக்கு வர வேண்டும் என்றும் முடிவானது. வேறு யார் பேருக்கு வரும்?

செவ்வாய்க்கிழமை காலை ஓட்டிஸ் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பொதுமக்களே, உங்க குடும்பம் வந்து சேந்துடுச்சு. என்னா கத்து கத்துதுங்க, பாருங்க." உண்மைதான். பெட்டியின் அத்தனை காற்றுத் துளையிலும் ஒரு மூக்கு தெரிந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலியில் வைத்தேன். வேறு இடம் இல்லை. மேஜை நிறைய ஒப்பந்தங்கள்.

மத்தியானம் வர்னா அழைத்தார். "வந்துடுச்சா சார்?"

"இன்னும் இல்லைங்க."

"கீச்சுகீச்சுன்னு ஏதோ கேக்குதே?"

"ஏசி சத்தம்."

"வந்ததும் கொஞ்சம் தண்ணி காட்டுங்க சார். சின்னத் தட்டுல ஊத்தினாப் போதும். மேல ஒரு விளக்கு, சூட்டுக்கு. அன்னிக்கு உங்களைக் கிண்டல் பண்ணிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க எங்க ஆளு. உங்களை நம்பித்தான் அனுப்பியிருக்கேன்."

மனசுல வெச்சுக்கலைங்க என்றேன். உண்மையிலேயே வைத்துக்கொள்ளவில்லை.

நான் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈ எறும்புக்குக்கூட நான் கெடுதல் செய்ததில்லை. விதிப்படி நடந்துகொண்டேன். ஒரு விஷயம் வரும். கருத்துச் சொல்ல அவகாசம் தருவோம். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். செவ்வாயன்று பலமான ஆட்சேபணை இருந்தது. புதனன்று கொஞ்சம். வியாழக்கிழமை காலை ஒரே ஒரு குஞ்சு மட்டும் விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. அவகாசம் இருந்ததால் காத்திருந்தேன். மாலையில் அதற்கும் ஆட்சேபணை இல்லை.

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கொண்டுபோய்க் குழுவின் முன்னால் வைத்தேன். தபாலில் இப்படித்தான் வந்தது என்றேன். திருமதி வான்டர்பூல் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, உடனே மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒலிபெருக்கியில் வர்னா, "எத்தனை இருக்கு? உயிரோட எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல வேண்டியது நான்தான். சொன்னேன். வர்னா இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஓட்டிஸ்தான் வந்து ஒலிபெருக்கியை அணைத்தார். அந்த வரி சேரவில்லை. ஒப்பந்தம் நிறைவேறியது. அவருடைய பொரிப்பகம் மே மாதமே மூடிவிட்டது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். வருத்தமாக இருக்கிறது. மத்தியான வண்டியில் போன குஞ்சுகளைப் பற்றியும் சொன்னீர்கள். அதற்கும் வருத்தம்.

ஓட்டிஸ் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். கூட்டம் முடிந்ததும் இங்கே வந்து காலி நாற்காலியைப் பார்த்தார், மேலே அந்தத் துளையைப் பார்த்தார். அன்றிலிருந்து என்னைப் பொதுமக்களே என்று கூப்பிடுவதில்லை. மிஸ்டர் பிரிட்சர்ட் என்கிறார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கேக்குக்கும் வரவில்லை.

கம்பெனி எனக்கு ஏதாவது தந்ததா என்று கேட்டீர்கள். ஒரு பேனாகூடத் தரவில்லை. பின்னே ஏன் என்கிறீர்கள். பொதுமக்கள் இரண்டு பேர் இருந்தால் எந்தத் தீர்மானமும் ஆகாது, ஐயா. குழப்பம்தான் மிஞ்சும். யாராவது ஒருவர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டியிருந்தது.

ஆமாம், குஞ்சுகள் உயிரோடுதான் வந்தன. தெரிந்தேதான் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையெல்லாம் யார் சார்பில் விசாரிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பொதுமக்கள் சார்பில் என்றீர்களே, அங்கேதான் ஒரு சிக்கல். நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பொதுமக்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவருக்கு ஆட்சேபணை இல்லையாம்.