தன் அறிக்கையைத் தானே திரும்பப் பெற்ற கரிக்காரம்மாவுக்கு

மண்ணின் மனமறிந்த மாண்பினரே, கரியைக் கலந்து கழிவு நிலத்துக்கு உயிர் கொடுத்தவரே, எங்கள் ஆய்வகத்தின் அன்புத் தலைவியே, வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுப் பணி நிறையும் இந்நாளில் உங்களைப் புகழ வந்திருக்கிறோம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே உங்கள் கதையை அவையோருக்குச் சொல்கிறோம். யாரோ ஒருவர் கதை என்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருங்கள்.

அவையோரே, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த ஆலை ஒன்று மூடப்பட்டபோது, ஈயம், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்கள் ஊறிய மூன்று ஏக்கர் நிலம் அதன் பின்புறம் கிடந்தது. ஒட்டிய தெருவில் நாற்பது வீடுகள். அந்த நிலத்தைக் காய்கறித் தோட்டமாக்கித் தரும் பொறுப்பு நம் அம்மையாரிடம் வந்தது. மரக்கழிவைக் காற்றுப் புகாத உலையில் சுட்டுக் கரியாக்கி மண்ணில் கலந்தார். கரி நஞ்சைப் பிடித்துவைத்துக்கொண்டால் செடியின் வேருக்கு அது போகாது என்பது கணிப்பு. முகம், மேலங்கி, மூக்குக்கண்ணாடி எங்கும் கரி அப்பியிருக்க, அன்றே அவர் கரிக்காரம்மா ஆனார்.

மூன்றாம் ஆண்டில் அங்கு விளைந்த கீரையில் நஞ்சு வரம்புக்குக் கீழே வந்தது. "விளைவித்து உண்ணலாம்" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டார். நிலத்துக்கு எதிர்வீட்டுத் தையல்காரம்மா விதைகூட வாங்கி வைத்துவிட்டார். நிலம் தெருவாரிடம் கைமாறப் பத்து நாள் இருக்கையில், யாரும் கேட்காமலே அம்மையார் மறுபடி கீரை பறித்துவந்து சோதித்தார். வடிகால் ஓரத்துப் பாத்திகளில் காட்மியம் ஏறியிருந்தது. கருவியில் கோளாறு என்றோம் நாங்கள்.

"கருவி நல்லாத்தான் இருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றார்.

மேலதிகாரி கூப்பிட்டுப் பேசினார். "ரெண்டு பாத்திதானேம்மா, விடுங்க. இப்ப வாபஸ் வாங்கினா உங்க பேரு கெட்டுடும்."

"கெட்டா என் பேரு மட்டும்தான் சார் கெடும். இது நாப்பது வீட்டுப் பிள்ளைங்க வயித்துக்குள்ள போறது," என்று சொல்லிவிட்டு, தன் அறிக்கையைத் தானே திரும்பப் பெற்றார்.

கடிதம் அனுப்பினால் போதும் என்றோம். கேட்கவில்லை, வீடு வீடாகப் போனார். கூடப் போன எங்கள் ஓட்டுநர் இன்றும் அதைச் சொல்வார்.

"மூணு வருஷம் இழுத்தடிச்சிட்டு இப்ப இல்லேன்னா என்னக்கா அர்த்தம்?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"நான் தப்பா எழுதிட்டேன். தெரிஞ்சுக்கிட்டே உங்கள சாப்பிடச் சொல்ல மனசு வரல."

கதவு படாரென்று சாத்தப்பட்டது. வண்டியில் திரும்பி ஆய்வக வாசலில் இறங்கியதும் அம்மையார், "நாளைக்கு மண்வெட்டி ரெண்டு எடுத்து வச்சிடுங்க," என்றார்.

தோண்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஆலையின் பழைய வடிகாலிலிருந்து அமில நீர் கசிந்து, கரியின் காரத்தன்மையைத் தின்றுவிட்டிருந்தது. பிடி தளர்ந்ததும் நஞ்சு நழுவியது. வடிகாலை அடைத்தார். சுண்ணாம்பும் புதுக்கரியும் சேர்த்தார். இனி அவசரமில்லை என்று, மழைக்கு முன் ஒரு சோதனை மாதிரி, பின் ஒரு மாதிரி என்று பதினாறு ஆண்டுகள் எடுத்தார். அதுவரை, கீரை போட்ட சோதனைப் பாத்திகள் போக மீதி நிலத்தைத் தெருவாரின் பூச்செடிகளுக்கு விட்டார். தையல்காரம்மா இரண்டு ஆண்டு முறைத்துக்கொண்டே பூப்பறித்தார். மூன்றாம் ஆண்டில் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். பதவி உயர்வோடு வேறு நகரம் அழைத்தபோது அம்மையார் இருமுறை மறுத்தார். "எங்க வீட்டுல மூணாவது ஆளு அந்த மண்ணுதான்," என்பார், இதோ முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கும் அவர் கணவர்.

கரி நாட்பட்டு நொறுங்கியது. ஆனால் பிடித்ததை விடவில்லை. கடைசி எட்டு ஆண்டுகளில் வடிகால் ஓரம் உட்பட எந்தப் பாத்தியும் வரம்பைத் தாண்டவில்லை. போன மாதம் அவர் "விளைவித்து உண்ணலாம்" என்று மீண்டும் எழுதிக் கையெழுத்திட்டார். போன வாரம் நிலம் தெருவாரிடம் வந்தது. சோதனைப் பாத்தியிலிருந்து முதல் பிடிக் கீரையை அவர் பறித்து நீட்ட, தையல்காரம்மா கையைக் கட்டிக்கொண்டார்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்கக்கா. அப்புறம் நான்."

தெருவே சிரித்தது. அங்கேயே அடுப்பு மூட்டி, ஒரே தட்டில் இருவரும் உண்டார்கள். அம்மையார் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அம்மையீர், இனி உங்களிடமே பேசுகிறோம். வரும் மழைக்கு முந்திய மாதிரியை நாங்கள் எடுப்போம். எண் இனித்தாலும் கசந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதி, அந்த நாற்பது வீட்டுக் கதவையும் நாங்களே தட்டிச் சொல்வோம். இந்தச் சட்டமிட்ட மடலைவிட அந்த வாக்கே எங்கள் பரிசு. உடல் நலமும் உள்ளக் களிப்பும் குன்றாமல், துணைவரோடு பல்லாண்டு மகிழ்ந்து வாழுங்கள்.

நகங்களில் கரிக்கறை போகாத,
மண் ஆய்வகப் பணியாளர்கள் பதினொருவர்