‘பிஸி’ என்ற சொல்லுக்குப் புதுப்பொருள் தந்த குமுதா அவர்களுக்கு

கிள்ளான் நகர் நல்லொளி டயாலிசிஸ் நிலையத்தின் கணினிப் பிரிவைக் கட்டியெழுப்பிக் கட்டிக்காத்த காரியச் செல்வியே! கடவுச்சொல்லைக் கணவருக்கும் காட்டாத கண்ணியமே! அழைத்த குரலுக்கு அலுக்காமல் வந்த அன்பே! பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டு, எங்கள் அனைவருக்கும் அக்காவாகிப்போன குமுதா அவர்களே! வணங்கி வரவேற்கிறோம்.

இந்தப் பிரியாவிடை மடலை எழுத உட்கார்ந்தபோதே எங்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. மருத்துவரைப் பாராட்டினால் கைராசி என்று எழுதலாம். ஆசிரியரைப் பாராட்டினால் அறிவொளி என்று எழுதலாம். நீங்கள் செய்ததோ நாட்காட்டிகளைப் பகிர்ந்தது. அதுவும் ஏபிஐ என்று நீங்கள் சொல்லும் வாசல் வழியாக, திரையைத் தொட்டுத் தொட்டுச் செய்யாமல், நிரல் எழுதி அனுப்பி, இணைய நாட்காட்டியோடு நேரடியாகப் பேசிச் செய்த வேலை. ஏபிஐக்கு எதுகை தேடித் தோற்றுவிட்டோம். ஆகவே நடந்ததைச் சொல்லியே பாராட்டுகிறோம்.

நம் நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. எந்த நாளில், எந்த வேளையில், எந்த வீட்டிலிருந்து அழைத்து வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேன் ஓட்டுநர்கள் தங்கள் கைத்தொலைபேசியில் அதைப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார்கள். யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதியை வழங்கும் பொறுப்பு உங்களுடையது. அனுமதி கேட்டு யார் வந்தாலும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியை இங்குள்ள நாற்காலிகள்கூடச் சொல்லும்: “யாருக்குத் தெரியணும்? எவ்ளோ தெரியணும்?” கணக்குப் பிரிவு பிரவின் உங்கள் மிளகாய்ச் சம்பல் பக்குவத்தைக் கேட்டபோதும் இதையே கேட்டீர்கள். பாவம், அவருக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய இரண்டு நாள் விடுமுறையில்தான் நிலையத்தின் மின்னஞ்சல், நாட்காட்டிக் கணக்குகளையெல்லாம் புதிய இணையச் சேவைக்கு மாற்றியிருந்தார்கள். காலை வேளைக்குக் காப்பார் ஊரிலிருந்து வர வேண்டிய நோயாளி இராஜம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. தாதி மாதவி ஓட்டுநர் சனாவுல்லாவை அழைத்துக் கேட்டார். அவர் பதறாமல் சொன்ன பதில் இன்றும் எங்கள் காதில் இருக்கிறது: “மிஸ்ஸி, அவங்க பிஸின்னு காட்டுது லா. வீட்டுல ஏதும் விசேஷமா இருக்கும், நாம போய் ஏன் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்.”

இராஜம்மாவோ வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தார். சாலை நெரிசல், வேன் வந்துவிடும் என்று அவர் யாரையும் அழைக்கவில்லை. சனாவுல்லா விரைந்து போய் அழைத்து வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, கால்கள் வீங்கியிருந்தன. சிகிச்சை தொடங்கிய பிறகுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது. ஆனால் அடுத்த கலக்கம் உடனே வந்தது. மற்ற ஓட்டுநர்களைக் கேட்டால் எல்லார் திரையிலும் எல்லா நோயாளிகளும் ‘பிஸி’. மதிய வேளைக்கு வர வேண்டியவர்கள் மேருவிலும் காப்பாரிலும் காத்திருப்பார்கள். தொலைபேசியில் சொல்லி அனுப்பலாமென்று நாங்கள் முயன்றோம். அவசரத்தில் மேருவுக்குப் போக வேண்டிய வேனைக் காப்பாருக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப அழைத்தோம்.

அலுவலகக் கணினிகளில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. பெயர், முகவரி, நேரம், ஒன்றும் குறைவில்லை. ஏபிஐயைக் கேட்டீர்கள், ஓட்டுநர்களுக்குப் படிக்கும் அனுமதி உண்டு என்றே அதுவும் சொன்னது. நாங்களாக இருந்தால் அனைவரின் தொலைபேசியையும் அணைத்துப் போடச் சொல்லியிருப்போம். நீங்கள் எழுந்து வெளியே நடந்தீர்கள். சனாவுல்லாவின் வேனில், ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, அவருடைய தொலைபேசியை வாங்கிப் பார்த்தீர்கள். நாள் முழுக்கச் சாம்பல் நிறப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரே சொல்.

“நம்ம கண்ணுல பார்த்தா இது தெரியாது. இவங்க வெளியாளுங்க,” என்றீர்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விளக்கினீர்கள். ஓட்டுநர்கள் சொந்த மின்னஞ்சல் கணக்கில் பார்க்கிறார்கள். நாம் வீட்டு அறையைத் திறந்து வைத்திருந்தாலும் புதிய சேவை வெளிக்கதவில் ஒரு விதியை வைத்திருந்தது: வெளிக்கணக்குகளுக்கு நேரம் மட்டும் தெரியலாம், விவரம் தெரியக்கூடாது. விவரம் மறைந்த இடத்தில் வந்து உட்கார்ந்த சொல்தான் ‘பிஸி’. டயாலிசிஸுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது என்று நாட்காட்டி சொன்னதை, வர இயலாது என்று நாங்கள் படித்தோம்!

நிர்வாகி பாலன் தவிப்பில் இருந்தார். அது நோயாளிகள் மேலுள்ள தவிப்பு என்பதை அறிவோம். “குமுதா, எல்லாத்தையும் பப்ளிக் ஆக்கிடுங்க. வேன் கிளம்பணும்,” என்றார். அப்போது நீங்கள் சொன்னதைச் சட்டம் போட்டு மாட்டலாம்: “பாஸ், அப்புறம் இராஜம்மாக்காவுக்கு என்ன நோவு, எப்ப வீடு பூட்டிக் கிடக்கும்னு ஊருக்கே தெரியும் லா. வேனும் போகும், கதவும் மூடியிருக்கும். கொஞ்சம் பொறுங்க.”

ஓட்டுநர்களுக்கு நம் நிலையத்தின் பெயரிலேயே கணக்குகள் திறந்தீர்கள். பழைய அனுமதிகளை நீக்கிப் புதியவற்றை வழங்க நிரலை அனுப்பினீர்கள். உரிமை இல்லை என்று திருப்பி அனுப்பியது ஏபிஐ! நாட்காட்டிகளைப் படைத்தவரே நீங்கள். மாற்றத்தின்போது உரிமை வேறொரு கணக்கின் பெயருக்குப் போயிருந்தது. “நான் கட்டுன வீட்டுக்கு எனக்கே சாவி இல்லையாம்!” என்று சிரித்தீர்கள். அந்த நேரத்தில் சிரிக்க உங்களால் மட்டுமே முடியும். உரிமையை மீட்டு மறுபடி அனுப்பினீர்கள். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் அவர் அழைத்து வரும் நோயாளிகள் மட்டும் தெரிந்தார்கள். கணினியை நம்பாமல், வேன்கள் நிற்குமிடத்துக்கு வந்து ஒவ்வொருவர் கையிலும் பார்த்துவிட்டே அனுப்பினீர்கள். அன்று மதியம் ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. இன்றும் நினைத்தால் மெய்சிலிர்க்கிறது, அக்கா.

அன்பின் அரசியே! வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர் நீங்கள். இன்று காலை உங்கள் இடத்துக்கு வந்துள்ள உஷாராணிக்கு உரிமைகளை மாற்றிக் கொடுத்துவிட்டு, உங்கள் பெயரை நீங்களே நீக்கினீர்கள். ஒருநாள் தள்ளிச் செய்யலாமே என்று கெஞ்சினோம். “யாருக்குத் தெரியணும்? எனக்கு இனிமே தெரிய வேணாம்,” என்றீர்கள். திரையில் உங்கள் பெயர் மறைந்தபோது எங்களில் பலர் அழுதோம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இராஜம்மாவின் வாழ்த்தோடு எங்கள் வாழ்த்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல்நலமும் உள்ளக்களிப்பும் ஒருசேரப் பெற்று, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழ்க! செமினியில் மகள் வீட்டுக்குக் குடிபோகும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் நாட்காட்டியை எங்களோடு பகிருங்கள். விவரம் வேண்டாம், நாங்கள் வெளியாட்களாகவே இருந்துகொள்கிறோம். ‘பிஸி’ என்று மட்டும் தெரிந்தால் போதும். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு இந்த நிலையத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: ஒருவர் வாசலில் காத்திருக்கிறார், போய் அழைத்து வா. சனாவுல்லா வேனோடு வந்துவிடுவார்.

என்றும் உங்கள் அனுமதியை நாடும்,
நல்லொளி நிலையப் பணியாளர்களும் வேன் ஓட்டுநர்களும்,
கிள்ளான்.