ராணியிடம் தோற்கிறவர்கள்

— இடது பக்கம் மாமா... இடது பக்கம்! அவ காலோட ஒட்டியே நில்லுங்க!

— நிக்கறேன்மா, நிக்கறேன். கத்தாத. ஹெட்செட்டைப் போட்டா காதுக்குள்ளயே வந்து உக்காந்து கத்தற.

— ஈட்டியைத் தூக்கறா பாருங்க. கேடயம்... கேடயம்...

— தெரியுது. இந்தா, தாங்கிட்டேன். நீ அம்பை விடு, வேடிக்கை பாக்காத.

— விட்டுக்கிட்டேதான் இருக்கேன். பாதி உசிரு போச்சு அவளுக்கு. இப்ப மேல பறப்பா. தூணுக்குப் பின்னால ஓடுங்க.

— எந்தத் தூணு?

— உடையாத தூணு! ஒவ்வொரு தடவையும் இதையே கேக்கறீங்க.

— கேட்டா சொல்லேன். வயசான மனுஷன்.

— யாரு, நீங்களா? வெளிய இருந்த அத்தனை எலும்புக்கூட்டையும் தனியா நின்னு வெளுத்து வாங்கினீங்க. சாம்பல் ராணிகிட்ட வந்தா மட்டும் வயசாயிடுது.

— சரி சரி. நெருப்பு மழை நின்னுடுச்சு. இறங்கறா.

— மாமா, இப்ப நல்லா கேளுங்க. இடுப்புல தொங்கற மணியை அடிக்கப் போறா. சேர்ந்தாப்புல ரெண்டு. அப்புறம் தனியா ஒண்ணு. அந்தத் தனி மணி கேட்டதும் மண்டபம் பூரா பத்திக்கும். அவ காலடி மட்டும்தான் எரியாது. அதனால...

— அவளை நோக்கி ஓடணும்.

— நிக்காம.

— நிக்காம.

— கேடயத்தைக் கீழ போட்டுட்டு.

— போட்டுட்டு. தெரியும்மா, எத்தனை தடவை சொல்லுவ.

— அடிக்கறா... ரெண்டு ஆச்சு... இப்போ! ஓடுங்க மாமா! ஓடு... ஐயோ! ஏன் நின்னீங்க? கரிக்கட்டை ஆயிட்டீங்க. நீங்க போனா அடுத்து நான்தான். தோ... நானும் காலி.

— என்னம்மா பண்றது. தனி மணி கேட்டா கால் தானா பிரேக்குக்குப் போகுது. ரிட்டையர் ஆகற வரைக்கும் பஸ் ஓட்டினவன். ரெண்டு அடிச்சா கிளம்பு, ஒண்ணு அடிச்சா நிறுத்து. கண்டக்டர் அடிச்ச மணியெல்லாம் இன்னும் உடம்புல இருக்கு.

— அவ கண்டக்டர் இல்ல மாமா.

— பாத்தா அப்படித்தான் இருக்கா. மீதி சில்லறை கேட்டா முறைப்பாங்களே, அந்த முறைப்பு.

— சிரிக்க வைக்காதீங்க. நான் கோவமா இருக்கேன்.

— இருந்துட்டுப் போ. கடையிலேர்ந்து வந்து ஏதாவது வாயில போட்டியா?

— ம்.

— அந்த 'ம்' எனக்குத் தெரியாதா? சாப்பிடலேன்னு அர்த்தம்.

— அப்புறம் சாப்பிடறேன். இன்னிக்கு கடையில ஒரே கூட்டம். எல்லாருக்கும் கண்ணாடி போட்டுப் போட்டுப் பாத்து, 'இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா'ன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. வீட்டுக்கு வந்தா அதைக் கேக்கக்கூட ஆளில்ல... சரி, அதை விடுங்க. உங்க குரல் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு?

— ஹால் காலியா இருக்குல்ல. எதிரொலிக்குது.

— காலியாவா?

— சாமானெல்லாம் காலையிலயே லாரியில போயிடுச்சு. இப்ப இங்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இந்த டிவி, விளையாட்டுப் பெட்டி, அப்புறம் நான்.

— இன்னிக்கேவா? ஞாயித்துக்கிழமைன்னுதான சொன்னீங்க.

— அவனுக்கு இன்னிக்குத்தான் லீவு கிடைச்சுதாம். சாயங்காலம் கார் எடுத்துட்டு வர்றேன்னான்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— சொன்னா நீ ஆட வந்திருப்பியா? அழுதுக்கிட்டு உக்காந்திருப்ப.

— நான் எதுக்கு அழணும்? உங்க பிள்ளை வீட்டுக்குத்தான போறீங்க, காட்டுக்கா போறீங்க?

— அதான.

— அவர் கட்டிக்கிட்ட அந்தப் பொண்ணு நல்லவளா?

— நல்ல பொண்ணு. குறை சொல்லக் கூடாது. 'உங்களுக்கு எந்த ரூம் வேணும் அங்கிள்'னு மரியாதையா கேட்டா.

— அங்கிளா?

— மாமான்னு கூப்பிட வாய் வரலையாம்.

— எனக்கு மாத்தி கூப்பிட வாய் வரல, பாத்தீங்களா. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வந்து எவ்ளோ நாளாச்சு, இன்னும் மாமாதான்.

— நீ மாத்தாத.

— வேற என்னன்னு கூப்பிட? ராணியைக் கொல்ல வந்த டிரைவர் சார்னா?

— உதை வாங்குவ. வா, இன்னொரு தடவை போலாம்.

— வரேன். ஆனா இன்னிக்கு அவளைச் சாய்ச்சே ஆகணும் மாமா. இத்தனை நாள் ஆடிட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவைகூட ஜெயிக்காம நீங்க அந்த டிவியை அணைக்கக் கூடாது.

— இப்படிப் பண்ணா என்ன... நான் முதல்லயே செத்துடறேன். நீ தனியா நின்னு அவளை முடிச்சிடு.

— இது ஒரு யோசனையா?

— பஸ்ஸு நடுவழியில நின்னுட்டா ஜனங்களை வேற பஸ்ஸுல ஏத்தி அனுப்பறது இல்லயா? அது மாதிரி.

— எனக்கு வேற பஸ் வேணாம். ரெண்டு பேருமா முடிக்கறோம். அந்த நீல மருந்தைத் தூணுக்குப் பின்னால குடிச்சுத் தீர்த்துடாதீங்க, மணி அடிக்கற வரைக்கும் வெச்சிருங்க. நான் அவ கண்ணைக் குறி வெக்கறேன். கண்ணுல அம்பு பட்டா மணி அடிக்கறது கொஞ்சம் தாமதமாகும்.

— அப்போ நீ முதல்ல அந்தக் கையுறையைக் கழட்டு.

— ஏன், அதுக்கு என்ன?

— முதல் கிராமத்துல ஓசியில குடுத்த துணிக் கையுறை. நெருப்பு பட்டா திகுதிகுன்னு எரியுது. வெறும் கையில வில்லைப் பிடிச்சா அம்பு இன்னும் வேகமா போகும்னு நீதான் எனக்கே சொன்ன. ஆரம்பத்துல கழட்டித்தான வெச்சிருந்த?

— கை குளிருது.

— விளையாட்டுலயா?

— விளையாட்டுலதான்.

— நல்லா இருக்கு கதை... இரு, போன். அவன்தான்... ஹலோ. ஆ... எல்லாம் கட்டியாச்சு. மாத்திரையெல்லாம் கைப்பையில இருக்கு... இல்லப்பா, யாரோடயும் பேசல. டிவி சத்தம்... அந்தப் பெட்டியா? ஆமா, இனிமே எதுக்கு, யாருக்காவது குடுத்துடலாம்... சரி. பாத்து வா... வெச்சுட்டான். லைன்ல இருக்கியாம்மா?

— யாரோடயும் பேசலையா?

— அது... சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

— நான் டிவி சத்தமாயிட்டேன்.

— அப்படி எடுத்துக்காதம்மா. அவன்கிட்ட எதுக்கு வம்பு? உன் பேச்சை எடுத்தாலே மூஞ்சி மாறுது. 'அவகூட உங்களுக்கு இன்னும் என்னப்பா பேச்சு'ன்னு ஒரு நாள் கேட்டான்.

— விளையாடறோம்னு சொல்ல வேண்டியதுதான.

— சொன்னேனே. 'எந்த விளையாட்டும் ஒரு நாள் முடியும்ல'னான். அங்க ஒரே ஹால், ஒரே டிவி. அந்தப் பொண்ணை எதிர்ல வெச்சுக்கிட்டு நான் உன்கூட 'தூணுக்குப் பின்னால வா, அம்பை விடு'ன்னு பேசிக்கிட்டு இருக்க முடியுமா? நீயே சொல்லு.

— முடியாது.

— அதான்.

— அப்போ வாங்க. அவர் வர்றதுக்குள்ள.

— வந்துட்டேன். கதவைத் திற.

— திறக்கறேன்... இடது கால். ஆங், அப்படித்தான். இன்னிக்கு நல்லா ஆடறீங்க.

— ஞாபகம் இருக்கா? நீ இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, எந்தப் பட்டன் எதுக்குன்னு தெரியாம ரெண்டு பேரும் செவுத்துல போய் முட்டிக்கிட்டு நின்னோம்.

— உங்க ஆளுக்குத் தொப்பை வேணும்னு அடம் பிடிச்சீங்க.

— அப்பதான் நான்னு தெரியும்.

— அவர் ஆபீஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் ஆடலாம்னு ஆரம்பிச்சோம். அவர் வரவே மாட்டார். நாம பாட்டுக்கு லெவல் லெவலா ஏறிட்டே போனோம்.

— அவன் நேரத்துக்கு வந்திருந்தா ராணி வரைக்கும் வந்திருக்க மாட்டோம்.

— ஜோக்கா மாமா அது?

— இல்லம்மா.

— ... தூணு! தூணுக்குப் போங்க. பறந்துட்டா.

— போயிட்டேன். நீயும் குனிஞ்சுக்கோ. ஒரு பொறி இந்தப் பக்கம் வருது.

— கண்ணுல அடிச்சேன்! பட்டுடுச்சு. அவளுக்கு இனிமே உசிரு ரொம்பக் கொஞ்சம். இறங்கினதும் மணி. ஒரே ஓட்டமா ஓடி ஒரு வெட்டு வெட்டினா போதும் மாமா. ஒரே வெட்டு.

— ம்.

— ரெண்டு அடிச்சிட்டா... தோ வருது... ஓடுங்க!... நின்னுட்டீங்க.

— பிரேக்கும்மா... கால் கேக்க மாட்டேங்குது.

— ஒரே வெட்டுல போயிருப்பா மாமா.

— ஆமா. என் தப்புதான்.

— காட்டுல கழுத்துல மணி கட்டின பூத ஆடுங்க வந்துச்சே, ஞாபகம் இருக்கா? தனி மணியா அடிச்சுக்கிட்டே துரத்துச்சு. எங்கயாவது நின்னீங்களா? என்னையே தாண்டிக்கிட்டு ஓடினீங்க.

— அது ஆடும்மா. இது ராணி.

— வேணும்னே நிக்கறீங்க.

— சேச்சே. நான் எதுக்கு...

— உங்க ஆளோட இடது கையைப் பாருங்க.

— கையில என்ன?

— மோதிர விரல்ல கறுப்பா ஒண்ணு இருக்கா?

— ... அதுவா. எங்கயோ வழியில பொறுக்கினது.

— அதைப் பொறுக்க முடியாது மாமா. ராணியைக் கொன்னாதான் அது விரல்ல ஏறும். ஏறிட்டா கழட்ட முடியாது. வேற எந்த வழியிலயும் யாருக்கும் கிடைக்காது. நான் இல்லாதப்போ தனியா ஆடிக் கொன்னிருக்கீங்க.

— அது உனக்குத் தெரியுமா? என் டிவியில மட்டும்தான் தெரியும்னு நினைச்சேன்.

— உங்க தொப்பை தெரியுது. மோதிரம் தெரியாதா?

— எப்போலேர்ந்து தெரியும்?

— ரொம்ப நாளா.

— ... உனக்குக் காய்ச்சல்னு படுத்திருந்தியே, அப்பதான். உனக்குப் பாரமா இருக்கக் கூடாது, நாமளே கத்துக்கிட்டு வைப்போம்னு உக்காந்தேன். மணி அடிச்சுது, ஓடினேன். செத்துட்டா. அவ்ளோதான்... டிவியில யார் யாரோ பேரா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு சாமானெல்லாம் இங்கதான் இருந்துச்சும்மா. ஆனா இன்னிக்குவிட அன்னிக்குத்தான் இந்த ஹால் காலியா இருந்த மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன்.

— எதுக்கு பயம்?

— முடிஞ்சுபோச்சுன்னா நீ எதுக்கு என்னைக் கூப்பிடப் போற? நான் உனக்கு யாரு? சொல்லிக்க ஒரு முறை இல்ல, உரிமை இல்ல. அவ உசிரோட இருக்கற வரைக்கும்தான் சாயங்காலம் ஆனா 'வாங்க மாமா'ன்னு கூப்பிடுவ. அப்புறம் டிவி கேட்டுச்சு, 'சண்டைக்கு முன்னால திரும்பப் போகவா'ன்னு. ஆமான்னு அமுக்கினேன். ராணி முழு உசிரோட வந்து நின்னா. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

— அதுக்காக தினமும் நெருப்புல நின்னீங்க.

— வலிக்கவா போகுது. திட்டிடும்மா. உன்னை ஏமாத்திட்டேன். சின்னப் பொண்ணு நீ. வெளிய போயிருக்கலாம், நாலு பேரைப் பாத்திருக்கலாம், உனக்குன்னு ஒரு வாழ்க்கையைத் தேடியிருக்கலாம். உன் சாயங்காலத்தையெல்லாம் நான் பிடிச்சு வெச்சுக்கிட்டேன்.

— மாமா...

— ஆனா ஒண்ணு கேக்கறேன். தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல? கிழவன் எப்படியும் நின்னுடுவான், தோத்துடுவோம்னு தெரிஞ்சே தினமும் எதுக்கும்மா வந்த? இரு... கீழ ஹாரன். வந்துட்டான் போல.

— அணைச்சுடாதீங்க. ஒரே நிமிஷம். செத்தா திரும்ப மண்டப வாசலுக்குத்தான வருவோம், அங்கயே நில்லுங்க. ராணியைப் பாக்காதீங்க, என் பக்கம் திரும்புங்க.

— திரும்பிட்டேன். சீக்கிரம் சொல்லும்மா... ரெண்டாவது ஹாரனும் அடிச்சிட்டான். கிளம்பணும்.

— கையுறையைக் கழட்டறேன்... கழட்டிட்டேன். என் விரலைப் பாருங்க மாமா.